நாலு மணிப் புரட்டு

அவர் பேருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்லை
நான் தமிழில் எழுதுவதில்லை.
மொன் மொழியில் அது ‘ஐயா’.
நம் காதுக்கு அது வாலாட்டும் பிராணி.
ஆகவே என் சொந்த நோட்டில் அவர்
வெறும் தலா ஓன், ஒன்பதாம் கட்டில்,
முடோன் பக்கத்துப் பனையேறி.
விழுந்த நாளிலிருந்து
இடுப்புக்குக் கீழே சேதி போவதில்லை.

மோல்மீன் ஆஸ்பத்திரி. சித்திரை வெயில்.
படுக்கைப்புண் வருமா என்று கணக்குப் பார்க்கும் தாளில்
ஆறு கட்டங்கள்.
உணர்வு, இரண்டு.
ஈரம், மூன்று. வியர்க்கிறது; யாருக்குத்தான் வியர்க்கவில்லை.
நடமாட்டம், ஒன்று.
புரளும் திறன், இரண்டு. கைகள் இருக்கின்றனவே,
பனையைக் கட்டிப்பிடித்த கைகள்.
உராய்வு, ஒன்று.
உணவுக்கு மட்டும் நாலு போட்டேன், முழு மதிப்பெண்:
தட்டு ஒவ்வொரு வேளையும்
கழுவி வைத்ததுபோல் திரும்பி வந்தது.

கூட்டினால் பதின்மூன்று.
பன்னிரண்டோ அதற்குக் கீழோ என்றால் காற்று மெத்தை.
வார்டில் இருப்பது ஒன்றே ஒன்று.
அது நாலாம் கட்டிலுக்குப் போனது.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும்.
புரட்டிய நேரம், பக்கத்தில் கையெழுத்து.
முப்பத்தொரு கட்டில்; இரவுக்கு நான் ஒருத்தி.
செவ்வாய் விடிகாலை நாலு மணிக்கு நேராக
என் கையெழுத்து இருக்கிறது.
அவர் மல்லாந்தபடிதான் கிடந்தார்.
பர்மியில் சொன்னால் இதற்கு இரண்டு சொல் வேண்டும்.
தமிழில் ஒன்று போதும்:
புரட்டு.

புதன் இரவு கரண்ட் போயிற்று.
நாலாம் கட்டிலில் இரைந்துகொண்டிருந்த மோட்டார் நின்று
மெத்தை பாயாயிற்று.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
தலா ஓனைச் சுவர்ப்பக்கம் சாய்த்தேன்.
கறுத்த தோலில் சிவப்பைத் தேடக் கூடாது,
சூட்டைத் தேட வேண்டும்.
புறங்கையை வைத்தேன்.
வால் எலும்பின்மேல் காய்ச்சல் கண்ட ஓர் இடம்,
சோடா மூடி அகலம்.
அழுத்தினால் ஈரக் களிமண்ணாய் உள்வாங்கியது.

அதற்குச் சற்று மேலே
அரிசி நீளத்தில் ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று.
விரிப்பைத் தடவினேன்.
காய்ந்து கல்லான சோற்றுப் பருக்கைகள்,
கட்டில் விளிம்புவரை,
அவர் கை போய்வந்த வழியெல்லாம்.

கட்டிலுக்கடியில் பாயில் படுத்திருந்த
மி சோன் எழுந்து உட்கார்ந்தாள்.
அவர் கண்ணைத் திறக்கவில்லை. விழித்திருந்தார்.
“பாதி இல்லை சயாமா,” என்றாள்,
“பாதிக்கு மேலேயே எனக்குத் தருவார்.
பசியில்லை என்றார். நம்பினேன்.”
ஆஸ்பத்திரிச் சோறு நோயாளிக்கு மட்டும்.
பதினாறு நாளாக அவள் எதைத் தின்றாள் என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
நானும்.

தனக்கா அரைத்துத் தேய்க்கட்டுமா என்று கேட்டாள்.
தேய்க்காதே. அந்த இடத்தில் பாரம் விழாமல் பார், போதும்.
அவள் லுங்கியைச் சுருட்டி முதுகுக்கு அண்டை கொடுத்தோம்.
குதிகால் அந்தரத்தில் நிற்க
கெண்டைக்காலுக்கடியில் இன்னொன்று.
அவர் கனக்கவே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

நாலை அடித்து ஒன்று என்று எழுதினேன்.
பத்து.
இப்போது மெத்தைக்குத் தகுதி உண்டு.
நாலாம் கட்டில்காரருக்கு ஒன்பது.

செவ்வாய்க்கிழமைக் கையெழுத்தை அடிக்கலாமா என்று
பேனாவோடு கொஞ்சநேரம் நின்றேன்.
அதன்மேல் தலைமைச் சிஸ்டரின் பச்சை மை ஒப்பம்.
விட்டுவிட்டேன்.
அன்றைய வரிசையில் மட்டும்
நாலேகால் என்று எழுதினேன்,
நாலு இல்லை.

பிறகு விரிப்பை உதறினேன்.
பருக்கைகள் சிமெண்டுத் தரையில் விழுவது கேட்டது.
காலையில் கஞ்சி வண்டி வரும்போது
இரண்டு தட்டு கேட்க வேண்டும்.
கொடுக்க மாட்டார்கள்.
கேட்க வேண்டும்.